ஆறாவது ஆள்

நாட்டு நலனை முன்னிட்டு ரோமாபுரியின் மூத்தோர் சபை ஒரு தீர்மானம் போட்டது. மதுக் கடவுள் பாக்கஸைக் கும்பிட ஐந்து பேருக்கு மேல் கூடக்கூடாது: ஆண்கள் இருவர், பெண்கள் மூவர். கூடுதலாக ஒரு தலை வேண்டுமென்றாலும் சபையில் நூறு பேர் கூடி அனுமதிக்க வேண்டும்.

விபியாவுக்கு அதில் கவலையில்லை. வீட்டில் கணவன், கொழுந்தன், அவள், இரண்டு மகள்கள். அளந்து வைத்த மாதிரி ஐந்து பேர். வருஷம் முழுக்கத் திராட்சைக் கொடிகளோடு மல்லாடி எடுத்த புது மது சாடிகளில் காத்திருந்தது. முதல் கிண்ணத்தைச் சாமிக்கு ஊற்றிவிட்டுத்தான் விற்கலாம். அதுதான் அவர்கள் பிழைப்பு.

மூடியைத் திறக்கப்போன நேரத்தில் மேற்பார்வை அதிகாரி மாகியுஸ் வந்து விரல் நீட்டி எண்ணினார்.

"ஆறு பேர் இருக்கீங்களேம்மா?"

"ஆறாவது யாருங்கய்யா?"

அவர் மாடத்திலிருந்த மரச்சிலையைக் காட்டினார்.

"ஐயோ, அவருதான் சாமி!"

"இங்க இருக்காரா, இல்லையா?"

"சாமி இல்லாம இருப்பாருங்களாய்யா?"

"இருக்காருன்னா எண்ணிக்கையில வருவார். சுருட்டை முடி, மஞ்ச அங்கி, தாடியும் காணோம். ஆணோ பொண்ணோ, எதுல சேர்த்தாலும் ஒண்ணு கூடுது."

"உங்களையும் சேர்த்தா ஏழாச்சே, ஐயா?"

"நான் ஆள் இல்லம்மா. அரசாங்கம்."

"நான் வேணா வெளிய போறேன்" என்றான் கணவன்.

"வீட்டுத் தலைவர் இல்லாம பூசையா? முறையில்ல."

ஆழ்ந்து ஆலோசித்து மாகியுஸ் தீர்ப்பளித்தார்: பூசை நடக்கலாம், சாமி மட்டும் வெளியே இருக்கட்டும். சிலையைத் தெருமுனை நீரூற்றின் மேல் வைத்தார்கள். விபியா வெறும் மாடத்துக்கு மதுவை ஊற்றினாள். சட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

ருசி பார்த்தால் மது புளித்து வெறும் காடி. எல்லாச் சாடியிலும் காடி. விபியா தரையில் உட்கார்ந்து அழுதே விட்டாள்.

அதற்குள் தெருவில் ஒரே கூச்சல். நீரூற்றில் சிவக்கச் சிவக்க மது கொட்டிக்கொண்டிருந்தது. முதல் கிண்ணம் மாகியுஸ் கையில்.

"ஆவணப்படி இது தண்ணி" என்று அவர் நாக்கைச் சப்புக்கொட்டினார். "தண்ணிக்குத் தடையில்ல. இருந்தாலும் ஒரு ஜாக்கிரதைக்கு அஞ்சஞ்சு பேரா வாங்க."

"சாமியத் திரும்ப உள்ள கொண்டுவரலாமாய்யா?"

"அதுக்கு நூறு பேர் கூடணுமேம்மா!"

"இங்கயே இருக்கட்டும் விபியா, காத்தாட இருக்காரு" என்றார்கள் அக்கம்பக்கத்தார், கிண்ணத்திலிருந்து வாயை எடுக்காமல்.

விபியா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு குடத்தோடு வந்து நின்றாள்.

"அஞ்சு பேர் ஆயிடுச்சும்மா, தள்ளி நில்லு" என்றார் மாகியுஸ்.

"உங்களை விட்டா நாலுதானே? நீங்கதான் ஆள் இல்லையே, அரசாங்கமாச்சே!"

"குடிக்கறப்ப ஆள்தாம்மா" என்று மாகியுஸ் மறுபடியும் கிண்ணத்தை நீரூற்றில் நீட்டினார்.