தீர்ந்துபோன வணக்கம்

எதிரே வருகிற தெரிந்தவருக்கு வணக்கம் சொல்வது எளிது. சொல்லி முடித்துத் தாண்டிப் போன பிறகு அதே ஆள் மறுபடியும் எதிரே வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று பெயர் வாங்கியவன். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காலண்டர்களுக்குப் பிழை திருத்துகிறேன். ராகு காலமும் எமகண்டமும் இடம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. (மாறினால் எத்தனை கல்யாணம் நின்றுபோகும் என்று யோசித்துப் பாருங்கள்.) அப்படிப்பட்ட நான்தான் சில வருடங்களுக்கு முன் என் சொந்த மகள் கல்யாணத்தையே ஒரு மைதானத்தின் மூலையில் நிறுத்தப் பார்த்தேன்.

வீடு விருதுநகரில். காலையில் ஒரு பள்ளி மைதானத்துக்கு நடக்கப் போவேன். (நடப்பதற்கு வண்டியில் போகிற ஆள் என்பது என் மனைவி வசந்தாவின் கேலி.) அங்கே எல்லாரும் கோயில் பிராகாரம் சுற்றுவது போல வலமாகத்தான் சுற்றுவோம். யாரும் சட்டம் போடவில்லை, கால் பழகிவிட்டது. அதில் ஒரு நிம்மதி உண்டு. கூட நடப்பவர்களின் பிடரிதான் கண்ணில் படும். முகம் பார்த்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி லோடும் போய்ச் சேர்ந்து, தீபாவளியும் முடிந்த பிறகுதான் பட்டாசுக் கம்பெனிக்காரர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும். டாக்டர்கள் அப்போது அவர்களைப் பிடித்துவிடுவார்கள். அப்படிப் பிடிபட்டு, நடக்கச் சொல்லி அனுப்பப்பட்டவர் தனசேகரன். ஆனைக்குட்டம் பக்கம் சின்னதாக ஒரு பட்டாசுக் கம்பெனி வைத்திருந்தார். கல்யாண வீடுகளில் பார்த்துப் பேசிய பழக்கம் எனக்கு உண்டு. பள்ளிக்கூட நாளில் ஓட்டப்பந்தயக்காரராம். ஓடுதளத்தில் ஓடிய பழக்கத்தில் மைதானத்தை இடமாகச் சுற்றினார். அதாவது, ஒவ்வொரு சுற்றிலும் எனக்கு நேர் எதிரே வந்தார்.

அவர் வெறும் தெரிந்தவராக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். ஆனால் அவர் மகனுக்கு என் மகள் நித்யாவின் ஜாதகத்தைக் கொடுத்திருந்தோம். பொருத்தம் நன்றாக இருந்தது. "கலந்து பேசிச் சொல்லுதோம்" என்று சொல்லியிருந்தார்கள். (பையனும் பெண்ணும் சென்னையில் ஒரே ஆபீஸ். அவர்கள் எப்போதோ கலந்து பேசி முடித்துவிட்டார்கள். ஜாதகமெல்லாம் ஊருக்காக.) பதில் வருகிற வரைக்கும் பெண்ணைப் பெற்றவன் எப்படிச் சிரிக்க வேண்டும் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. கூடுதலாகச் சிரித்தால், பெண்ணிடம் ஏதோ குறை, அதுதான் இப்படிக் குழைகிறான் என்பார்கள். குறைத்துச் சிரித்தால், இப்போதே இம்புட்டுத் தலைக்கனமா என்பார்கள்.

முதல் சுற்றில் முறையாகக் கை கூப்பினேன். அவரும் கூப்பினார். நல்லா இருக்கீகளா என்று கேட்டேன். இருக்கேன் என்ற பதில் என் முதுகுக்குப் பின்னால் கேட்டது. அடுத்த சுற்றில் தலையை அசைத்தேன். அதற்கடுத்து ஒரு புன்னகை. அதற்கடுத்து, ரயில் புறப்படும்போது கார்டு கொடி காட்டுவாரே, அப்படி ஒரு கையை உயர்த்தினேன். ஐந்தாவது சுற்றில் கையிருப்பு ஒன்றும் இல்லை. "நல்ல காத்து" என்றேன். விருதுநகரில் அன்று ஒரு வேப்பிலைகூட அசையவில்லை. அவர் பெருந்தன்மையாக "ஆமா ஆமா" என்றார். ஆறாவதில் நான் வானத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அங்கே இருவருக்கும் பொதுவாக எதுவும் இல்லை.

ஏழாவது சுற்று. தண்ணீர்த் தொட்டி மூலையில் அவர் தலை தெரிந்தது. கவாத்துப் பழகுகிற போலீஸ்காரரைப் போல அப்படியே முழுசாகத் திரும்பி, வந்த வழியே நடக்க ஆரம்பித்தேன்.

திரும்பிய பிறகுதான் புரிந்தது, இப்போது அவர் எனக்குப் பின்னால் வருகிறார். அவர் நடை என் நடையைவிட வேகம். பிடித்துவிட்டால் என்ன சொல்வது? நடையைக் கூட்டினேன். பின்னால் செருப்புச் சத்தம் நெருங்கியது. இன்னும் கூட்டினேன். அதற்கு ஓட்டம் என்று பெயர் என்பதை அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாசல் வந்ததும் அதே வேகத்தில் வெளியேறி, தெரு திரும்பி, வீட்டுக்கே வந்துவிட்டேன்.

வசந்தா கேட்ட முதல் கேள்வி, வண்டி எங்கே என்பது. மைதானத்துக்குள்ளேயே நின்றது.

மத்தியானம் அச்சகத்துக்கு என் மைத்துனன் முருகேசன் போன் செய்தான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேசிக்கொண்டிருந்தவன் அவன்தான்.

"அத்தான், தனசேகரன் அண்ணாச்சியப் பாத்து ஓடுனீகளாமே?"

"ஓடலப்பா. வேகமா நடந்தேன்."

"மைதானமே பாத்திருக்கு அத்தான். பொண்ணு வீட்டுக்கு இஷ்டமில்லன்னா நேரா சொல்லிரலாம், எதுக்கு மூஞ்சியத் திருப்பிட்டு ஓடணும்னு அவுக வீட்ல கேக்காக. நான் என்னத்தச் சொல்ல?"

காலண்டர் சீசன், மேஜை முழுக்க ஜனவரி மாதம் காத்துக் கிடந்தது. ஒரு வரிகூட ஓடவில்லை.

சாயங்காலம் நித்யா சென்னையிலிருந்து பேசினாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"அப்பா, உங்களுக்கு இது பிடிக்கலையா? பிடிக்கலன்னா எங்கிட்டயே சொல்லியிருக்கலாமேப்பா."

உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை.

"அதெல்லாம் இல்லம்மா. எங்கிட்ட வணக்கம் தீந்து போச்சு."

"இத நான் அவங்க வீட்ல எப்படிப்பா சொல்லுவேன்?" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

வசந்தாதான் வழி சொன்னாள். எதிரே நடந்தால்தானே இத்தனை வணக்கம் வேண்டும். அவர் போகிற பக்கமே கூடப் போனால் ஒன்று போதும், மிச்சத்துக்குப் பேச்சு இருக்கிறது. இவ்வளவு எளிய விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்காமல் விட்டாள். அது அவளுடைய கருணை.

மறுநாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய் இடமாக நடக்கத் தொடங்கினேன். போன வேகத்தில் மைதானம் முழுவதும் எனக்கு எதிரே வந்தது. பிடரியாக மட்டுமே பழகியவர்களுக்கெல்லாம் முகம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்ல வேண்டியிருந்தது. "என்ன சார், இன்னைக்கு யாரப் பாத்துத் திரும்பிட்டீக?" என்று ஒருவர் கேட்டே விட்டார்.

தண்ணீர்த் தொட்டி மூலைக்கு வந்தேன். அங்கே தனசேகரன், கூட்டத்தோடு சேர்ந்து வலமாக, எனக்கு நேர் எதிரே வந்துகொண்டிருந்தார்.

இருவரும் நின்றுவிட்டோம்.

"நீங்க இந்தப் பக்கம் எப்படி?" என்றார்.

"உங்க கூட நடக்கலாம்னுதான் திரும்புனேன் அண்ணாச்சி."

"நான் உங்க கூட நடக்கலாம்னுல்ல திரும்புனேன். எதிர போயி அந்த மனுசன வெரட்டாதீகன்னு வீட்ல ஏச்சு."

பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நேற்று நடந்ததை விளக்க வாயைத் திறந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், "அந்தக் காத்து..." என்றேன்.

அவர் கையமர்த்தினார். "அத விடுங்க. காத்துக்குப் பெறகு எனக்கும் ஒண்ணும் ஓடல. அடுத்த சுத்துல நான் திரும்பணும்னுதான் இருந்தேன். நீங்க முந்திக்கிட்டீக. எனக்கு அதுதான் ஆத்தாமை."

அதற்கு மேல் நடக்கவில்லை. வாசலுக்கு எதிரே இருந்த கடையில் சர்க்கரை இல்லாமல் ஆளுக்கொரு டீ குடித்தோம். வருகிற வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு பெண் பார்க்க வருவதாக அங்கேயே சொன்னார். கலந்து பேச அவருக்கு அந்த ஒரு டீ போதுமானதாக இருந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்து, இப்போது ஒரு பேத்தி இருக்கிறாள். லீவுக்கு வந்தால் பாதி நாள் சம்பந்தி வீட்டில்தான். வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் கை கூப்ப அவர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார். யார் வந்தாலும் அழகாகக் கூப்புகிறாள். நான் அங்கே போய் வாசலில் செருப்பைக் கழற்றினால் மட்டும் சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டு உள்ளே ஓடுகிறாள். காலண்டர் தாத்தாவுக்கு அப்படித்தான் வணக்கம் சொல்ல வேண்டும் என்று பழக்கியிருக்கிறார். அவள் ஓடி முடித்து, கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும்வரை நான் உள்ளே கால் வைக்கக் கூடாது. அதுதான் முறையாம்.