ஜாதகம் சுரண்டிய இரண்டு வண்டிகள்

திருவள்ளூருக்கும் ஆந்திர எல்லைக்கும் நடுவே ஓடிய பழைய மோட்டார் சைக்கிள்களில் ஒன்றுகூட ஜாதகத்திடம் பொய் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் அவற்றின் சொந்தக்காரர்கள்தான்.

ஜாதகம் என்பது பட்டப்பெயர். யுத்த காலத்தில் பட்டாளப் பட்டறையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடித்தவர். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மெக்கானிக் கடையில் இருந்தார். எந்த வண்டி வந்தாலும் முதலில் சட்டைப்பையிலிருந்து பாதி பிளேடை எடுத்து, ஓர் ஓரத்தில் நகக்கண் அளவு சுரண்டுவார். பெயின்ட் அடுக்குகளைப் பார்த்தே அது எங்கே பிறந்தது, எத்தனை கை மாறியது, எந்த உறுப்பு இரவல் என்று சொல்லிவிடுவார். கேட்டவர் முகம் எப்படிப் போகிறது என்று மட்டும் பார்க்கமாட்டார்.

ஊத்துக்கோட்டைப் பக்கத்து நிலக்காரர் ஒருவர், தம் வண்டியைத் தாத்தா வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியதாகப் பத்துப் பேர் நடுவில் சொல்லிக்கொண்டிருந்தார். ஜாதகம் குனிந்து சுரண்டினார்.

“இது பொறக்கசொல்ல துரைங்கல்லாம் கப்பல் ஏறிப் போய்ட்டாங்க, நைனா.”

நிலக்காரர் அப்புறம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான் நான் ஒரு காவல் நிலையத்துக்கு அழைத்துப் போக நேர்ந்தது. அப்போது நான் ஒரு நாளிதழுக்கு வட்டாரச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். இரும்பாலை ஃபிட்டர் முனிரத்தினத்தை எல்லைச் சாலையில் பிடித்திருந்தார்கள். அவருடைய பழைய பட்டாள வண்டியின் சேசிஸில் முதல் எண்ணை அராவிவிட்டு வேறு எண் குத்தியிருந்தது. போன வாரம் திருடுபோன வண்டி என்று முடிவு கட்டிவிட்டார் இன்ஸ்பெக்டர். வழக்கு பதிவானால் ஆலை வேலை போய்விடும்.

“அவரு வாங்கசொல்லவே நம்பர் அப்டித்தான் இருந்துச்சு சார். யாரு நம்புறாங்க?” என்று முனிரத்தினத்தின் மனைவி கன்னியம்மா என்னிடம் வந்து நின்றார். நம்பவைக்கக்கூடிய ஒரே ஆள் ஜாதகம்தான்.

நிலையத்தில் அவர் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அந்த எண்ணைத் துடைத்தார். பிறகு பிளேடு.

“நம்பர் பள்ளத்துக்குள்ள பாருங்கய்யா. பட்டாளத்துப் பச்சை. நம்பர் குத்தினப்புறம்தான் பெயின்ட் அடிச்சிக்கிறாங்க. பட்டறையில பெரிய ரிப்பேர் பண்ணா அவங்களே புதுசு குத்துவாங்க.”

“ஏன், பச்சை பெயின்ட் கடையில கிடைக்காதா?” என்றார் இன்ஸ்பெக்டர்.

“கெடைக்கும். அதும்மேல கறுப்பு, சேப்புன்னு ரெண்டு கோட்டு காஞ்சி கெடக்குதே. போன வாரம் திருடினவன், இருவது வருஷம் முன்னாடியே வந்து பெயின்ட் அடிச்சிட்டுப் போனானா?”

அரை மனதோடு நின்ற இன்ஸ்பெக்டர், வேப்பமரத்தடியில் பளபளத்த தம் சொந்த வண்டியைக் காட்டினார்.

“இவ்வளவு தெரியுதே, இதைச் சொல்லு பார்ப்போம். அசல் இங்கிலாந்து.”

நான் ஜாதகத்தின் காலை மிதித்தேன். உள்ளே பெஞ்சில் இருந்த முனிரத்தினம் கும்பிட்டார். இரண்டையும் கவனிக்காமல் ஜாதகம் சுரண்ட ஆரம்பித்திருந்தார்.

“இன்ஜின் மட்டும் இங்கிலாந்துங்க. சேசிஸ் வேற வண்டிது. டாங்கு மெட்ராஸ்ல எவனோ தட்டினது. வயசு கேட்டீங்கன்னா, இன்ஜின் கெழவன், டாங்கு கைக்கொழந்தை.”

ஒரு கான்ஸ்டபிள் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். எங்களோடு வந்திருந்த கன்னியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முனிரத்தினத்துக்குக் குறைந்தது ஆறு மாதம் என்று நான் மனதுக்குள் செய்தி எழுதிவிட்டேன்.

இன்ஸ்பெக்டர் குனிந்து, சுரண்டிய இடத்தை விரலால் தடவினார். நிமிர அவருக்கு நேரம் பிடித்தது.

“ஏட்டு, அந்த ஆளை அனுப்பிடு,” என்றார். “பொய் சொல்லி மீட்க வந்தவன்னா, அந்தப் பொய்யை என் வண்டிக்கில்ல சொல்லியிருப்பான்?”

முனிரத்தினமும் கன்னியம்மாவும் வண்டியில் போனார்கள். நாங்கள் கும்மிடிப்பூண்டி பஸ் ஏறினோம். உட்கார்ந்ததும் நான் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு நிமிஷம் வாயை மூடிக்கினு இருந்தா இன்னா கொறஞ்சிடும் உனக்கு? எவ்ளோ பேஜாரு ஆகியிருக்கும்?”

“கேட்டாரே, நைனா,” என்றார். அவ்வளவுதான். அடுத்த நிமிடம் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனார்.

நான் இறங்கவேண்டிய ஊரான, திருவள்ளூர்ப் பக்கத்து ஆரணி வந்தது. கண்டக்டர் இரண்டு முறை ஊர்ப் பெயரைச் சொன்னார். பேசாமல் கும்மிடிப்பூண்டிக்கே இன்னொரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன், தோளை அசைக்காமல்.