அரியலூர் கோர்ட்டில் நான் ஒத்துக்கொண்ட குற்றம்

எனக்குக் கோர்ட் என்றால் பயம். மாட்டு டாக்டர் ஒருவருக்கு மாட்டைக் கண்டால் பயம் என்பது போன்ற விஷயம் இது. தடய அறிவியல் துறையில் சம்பளம் வாங்குகிறவன் ரத்தக் கறையையும் உடைந்த கண்ணாடியையும் ஆராய்ந்தால் மட்டும் போதாது. கூண்டேறி நின்று சாட்சியும் சொல்ல வேண்டும். ஆராயும்போது எனக்குக் கை நடுங்காது. கூண்டை நினைத்தாலே லீவு போடத் தோன்றும். (இப்போதும்தான். வெளியே சொல்லிக்கொள்வதில்லை.)

என் முதல் சாட்சியம் அரியலூரில். வேலையில் சேர்ந்த புதிது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று சைக்கிளில் வந்தவர்மீது மோதிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவர் அங்கேயே இறந்துவிட்டார். பார்த்தவர் யாருமில்லை. சைக்கிளின் கேரியரில் ஒரு கண்ணாடித் துண்டு மட்டும் சிக்கியிருந்தது. பிறகு போலீஸார் பிடித்த ஒரு லாரியில் ஹெட்லைட் கண்ணாடி உடைந்து, மிச்சம் வளையத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்து, இது அதிலிருந்து உடைந்ததுதான் என்று அறிக்கை எழுதியவன் நான். மொத்த வழக்கும் அந்தத் துண்டை நம்பித்தான் நின்றது. அதாவது, என்னை நம்பி.

பெரம்பலூரில் என்னோடு வேலை பார்த்த சுந்தரம் பஸ் ஏற்றிவிடும்போது தைரியம் சொன்னான்.

"மாஜிஸ்திரேட் என்ன கேட்டாலும் எதுத்துப் பேசிடாதடா. கோவம் வந்துச்சுன்னா உள்ள வெச்சிருவாரு. 'ஆமாங்க ஐயா'ன்னு பணிவா நின்னுட்டு வந்துடு."

அதற்குமுன் உள்ளே வைப்பார்கள் என்ற எண்ணமே எனக்கு இல்லை. அரியலூர் போய்ச் சேரும்வரை வேறு எண்ணமே வரவில்லை. படிக்கட்டில் நிற்காதே என்று அதட்டிய கண்டக்டரைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

கோர்ட் வராந்தாவில் ஒரு பெண் என்னைத் தேடி வந்தார். ஏலாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்திருந்த லூர்துமேரி. இறந்தவரின் மனைவி.

"நீங்கதான் கண்ணாடி சாருங்களா? போலீஸ்காரரு காட்டுனாரு. நல்லபடியா சொல்லிடுங்க சார். வேற சாட்சியே இல்லைங்கிறாங்க."

தலையாட்டினேன்.

அப்போதுதான் டவாலி வாசலில் வந்து நின்று கத்தினார். "செல்வராஜ்! செல்வராஜ்! செல்வராஜ்!"

என் பெயர்தான். ஓடினேன். போலீஸ்காரர் ஒருவர் கைகாட்டிய கூண்டில் ஏறினேன். சாட்சிக் கூண்டு எது, குற்றவாளிக் கூண்டு எது என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் என் கண்கள் இல்லை.

"கோவிந்தன் மகன் செல்வராஜா?" என்றார் கிளார்க்.

என் அப்பா பெயர் மாணிக்கம். ஆனால் எதிர்த்துப் பேசக் கூடாதே.

"ஆமாங்க ஐயா."

மாஜிஸ்திரேட் நிமிராமலே கேட்டார். "பஸ்ல குடிச்சிட்டு வந்து கண்டக்டரைத் தகாத வார்த்தை பேசியிருக்கீங்க. குற்றத்தை ஒத்துக்கிறீங்களா?"

காலையில் நடந்தது அதற்குள் இங்கே வந்துவிட்டதா! சாட்சி யோக்கியமானவனா என்று முதலில் சோதிக்கிறார்கள் போலிருக்கிறது. குடித்தது என்றதுதான் கொஞ்சம் இடித்தது. ஆனால் குடித்திருந்தேன்தான். பஸ் ஸ்டாண்டில், டீ.

"ஆமாங்க ஐயா."

"இனிமே இப்படிச் செய்வீங்களா?"

"ஆமாங்க ஐயா."

இப்போது நிமிர்ந்தார். "என்னது?"

"இல்லைங்க ஐயா!"

"கோர்ட் கலையிற வரைக்கும் அங்க உக்காருங்க."

சுவரோரம் தரையில் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சிகள் உட்காரும் இடம் என்று நினைத்துக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் அன்பாக விசாரித்தார்.

"என்ன கேசு தம்பி?"

"லாரி கேசுங்க."

"அடேயப்பா. நாங்க சீட்டாடி மாட்டுனவங்க. லாரிய எங்கேருந்து தூக்குன?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. எழுந்து சொல்லிவிடலாம்தான். ஆனால் அதுவும் எதிர்த்துப் பேசுவதாகிவிடுமே! வேறொரு செல்வராஜுக்கு விதித்த, கோர்ட் கலையும்வரை உட்காரும் தண்டனையை நான் அனுபவித்துக்கொண்டிருக்கிறேன். வேலை போய்விடும். பேப்பரில் வரும். எனக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். இப்படி வரிசையாகப் பயந்துகொண்டிருக்கும்போதே லாரி வழக்கை எடுத்துவிட்டார்கள்.

"தடய அறிவியல்லேருந்து ஆள் வந்திருக்காங்களா?" என்றார் மாஜிஸ்திரேட்.

அரசு வக்கீல் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் என்னை முன்பின் பார்த்ததில்லை. "வரக் காணோங்க ஐயா."

நான் தரையிலிருந்து கையைத் தூக்கினேன்.

"கைய எறக்குய்யா. எதுவாருந்தாலும் அப்பறம் போகலாம்" என்று காவலுக்கு நின்ற போலீஸ்காரர் அதட்டினார். இறக்கிவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு பெண்குரல் நடுங்கிக்கொண்டே வந்தது. "ஐயா... அவருதாங்க ஐயா எங்க கண்ணாடி சாரு. அவர எதுக்கு அங்க உக்கார வெச்சிருக்கீங்க?"

லூர்துமேரி.

மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அதன்பிறகு கோர்ட்டில் எழுந்த சிரிப்பை நான் விவரிக்கப்போவதில்லை. உண்மையான செல்வராஜை டீக்கடையிலிருந்து கூட்டி வந்தார்கள். அவர் நொடியில் குற்றத்தை ஒத்துக்கொண்டு, நான் எழுந்த இடத்தில் போய் உட்கார்ந்தார்.

நான் சரியான கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, அறிக்கையில் இருந்ததைச் சொல்லி முடித்தேன். லாரி டிரைவர் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி, நீங்க செய்யாத குற்றத்தைச் செஞ்சதா இதே கோர்ட்ல சொன்னீங்க. சரிதானே?"

"ஆமாங்க ஐயா."

"உங்க அப்பா பேரையே மாத்திச் சொன்னீங்க?"

"ஆமாங்க ஐயா."

"பயந்தா எதையும் சொல்லக்கூடிய ஆள் நீங்க. போலீஸ் சொல்லச் சொன்னதை இந்த அறிக்கையில எழுதிக் கொடுத்திருக்கீங்கன்னு சொல்றேன்."

லூர்துமேரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை பயந்ததெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது. எனக்கு என்ன ஆகும் என்று பயந்துகொண்டிருந்தவன், என்னால் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆகப்போகிறது என்று பயந்தேன். நாக்கு இன்னொரு 'ஆமாங்க ஐயா'வை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

"இல்லைங்க ஐயா" என்றேன். "நான் பயந்தவன்தான். என் பேச்சை நம்ப வேண்டாம். கண்ணாடியைப் பாருங்க."

மாஜிஸ்திரேட் தடயங்கள் இருந்த கட்டைப் பிரிக்கச் சொன்னார். ஹெட்லைட் வளையத்தை மேஜைமேல் வைத்தார்கள். துண்டை எடுத்தேன். கை கிடுகிடுவென்று ஆடியது. கீழே விழுந்தால் அத்தனையும் போச்சு. முதல்முறை பொருந்தவில்லை. வக்கீல் லேசாகக் கனைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு, துண்டைக் கொஞ்சம் திருப்பி வைத்தேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். துண்டு போய் உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியில் வார்த்திருந்த கோடுகள் ஒன்றுகூடத் தவறாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஓடின. மாஜிஸ்திரேட் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். வக்கீலும் பார்த்தார். பிறகு, "வேறு கேள்வி இல்லை" என்றார்.

வராந்தாவில் லூர்துமேரி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். "இந்தக் கை ஆடுன ஆட்டத்துல எனக்கு உசுரே போயிருச்சு சார்."

"எனக்குந்தாம்மா."

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. டிரைவருக்குத் தண்டனை. அந்தச் செய்தியோடு சொந்த ஊரான பூலாம்பாடிக்குப் போய், நடந்ததையெல்லாம் வீட்டில் சொன்னேன். அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்பா சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏன்டா, அந்தக் கோவிந்தன் நம்மள விட வசதியான ஆளா?"

அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அப்பா என்னை ஒரே மாதிரிதான் அறிமுகம் செய்துவைக்கிறார். "இவன் எம்மவன்தாங்க. கோர்ட்ல வெச்சு மட்டும் கேட்டுடாதீங்க."