பிளஷர் காருக்கு ரெண்டு வாளி மண்

உலகத்தில் காரியம் கெடுவதெல்லாம் அஜாக்கிரதையால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அவர்கள் என்னைப் போன்ற ஒருவனோடு ஒரே வீட்டில் குடியிருந்ததில்லை. அஜாக்கிரதைக்காரன் ஒரு டம்ளரை உடைப்பான். ஜாக்கிரதைக்காரனோ, டம்ளர் விழப்போகிறதே என்று பாய்ந்து பிடிக்கப் போய், பக்கத்தில் இருக்கிற பானையையும் சேர்த்து உடைப்பான். நான் இரண்டாவது ரகம்.

பள்ளிக்கூடத்தை எட்டாவதோடு விட்டதற்கும் இதுதான் காரணம். பரீட்சைக்கு உட்கார்ந்தால், கேள்வி என்னவென்று பார்ப்பதற்குள் மசிக்கூடு கவிழ்ந்துவிடுமோ என்ற கவலை வந்துவிடும். ஒரு கை மசிக்கூட்டையே பிடித்துக்கொண்டிருந்தால் இன்னொரு கை என்னத்தை எழுதும்? (மசிக்கூடு கடைசிவரை கவிழவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு.)

அம்மா, நைனா போன பிறகு அக்கா பச்சையம்மா வீட்டில்தான் சாப்பாடு. அக்கா புருஷன் கோவிந்தன் மாமா மோட்டார் மெக்கானிக். அறுபதுகளில் செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அதை ஒட்டித் தகரக் கொட்டகை போட்டு மாமா ரிப்பேர் வேலை செய்துகொண்டிருந்தார். எனக்கு இருபது வயது ஆனபோது, "இவன் வூட்ல குந்திக்கினு கவலப்படறதுக்கு, பங்க்ல நின்னு கவலப்படட்டும்" என்று சொல்லி முதலாளியிடம் என்னைச் சேர்த்துவிட்டார்.

அந்தக் காலத்துப் பங்க்கை இப்போது நினைத்தாலும் மனசு நிறைகிறது. ஆளைவிட உயரமாக ஓர் இரும்புக் கம்பம். அதன் உச்சியில் கண்ணாடி ஜாடி. கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டினால் பூமிக்கடியிலிருந்து பெட்ரோல் குபுகுபுவென்று ஏறி ஜாடியை நிரப்பும். அப்புறம்தான் குழாய் வழியாக வண்டிக்கு இறங்கும். வந்தவர்கள் எல்லாரும் இறங்கி நின்று அதை அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரு வண்டிக்குப் போட்டு முடிப்பதற்குள் ஊர்க்கதை பாதி முடிந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என்னைக் கூப்பிட்டு வரிசையாகத் தொங்கிய சிவப்பு வாளிகளைக் காட்டினார். எல்லாவற்றிலும் மண்.

"இது இன்னாத்துக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"நெருப்புப் பத்திக்கிச்சின்னா போடறதுக்கு. பெட்ரோல் நெருப்புக்குத் தண்ணி ஊத்தக் கூடாது. ஊத்தினா நெருப்பு தண்ணிமேல ஏறி ஊர்வலம் போவும். எவன் சொன்னாலும் தண்ணி எடுக்காத. மண்ணுதான். ஒரு பொறி போதும், நீ பறந்து போயி ராஜகிரி உச்சியில விழுவ."

அவர் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நான் ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்தேன். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. பீடி பிடிக்கிற யாரைப் பார்த்தாலும் கை தானாக வாளிப் பக்கம் போகும். நெருப்பில்லாத நேரத்தில் ஓடி வாளியை எடுத்து வீசுகிற மாதிரி பழகிப் பார்ப்பேன். மண்ணைச் சலித்து வைப்பேன். (ஊர்ப் பூனைகளுக்கும் அந்தச் சலித்த மண் பிடித்துப்போனது வேறு விஷயம். அதை அப்புறம் சொல்கிறேன்.) பஸ் கண்டக்டர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா ஏழுமல, காலைலேர்ந்து வயிறு எரியுது, ஒரு புடி மண்ணு போடேன்" என்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். வயிறு எரிந்தால் பரவாயில்லை, பங்க் எரியக் கூடாது.

இப்போது பிளஷர் காருக்கு வருகிறேன். அந்தப் பக்கத்தில் பழைய ஆட்கள் காரை பிளஷர் என்றுதான் சொல்வார்கள். கடலை மண்டி நயினாரிடம் ஒரு கறுப்பு பிளஷர் இருந்தது. நயினார் பரம்பரைச் சமணர். எறும்பைக்கூட விலக்கிவிட்டுத்தான் கால் வைப்பார். அவருடைய கார் இன்ஜின் செத்து, கிடங்கில் கடலை மூட்டைகளுக்கு நடுவில் வருஷக்கணக்காகக் கிடந்தது. அக்கம்பக்கத்துக் கோழிகள் அதன் பின்சீட்டில் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. ஒருநாள் அவர் மாமாவிடம் சொன்னார்:

"கோவிந்தா, இத ஓட வச்சிடு. வச்சிட்டின்னா நீயே வாடகைக்கு ஓட்டு. எனக்குக் கோயிலுக்குப் போறப்ப வந்தா போதும்."

மாமா அன்று சாப்பிடவில்லை. அவ்வளவு சந்தோஷம். அக்காவுக்கு அதைவிடச் சந்தோஷம். அதற்குக் காரணம் அனந்தபுரத்துச் சின்னம்மா. அக்கா கல்யாணப் பந்தலிலேயே அவள், "நம்ம பொண்ணுக்கு வேற மாப்ள கெடைக்கலியா? காருக்கு அடியில படுத்துக் கெடக்கறவனுக்குப் போயி குடுத்திருக்கீங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டுவிட்டாள். அந்தச் சொல் அக்கா நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. மாமா ஸ்டியரிங் பிடிக்க, தான் முன்சீட்டில் உட்கார்ந்து, அனந்தபுரத்தில் சின்னம்மா வீட்டு வாசலில் போய் இறங்க வேண்டும். அக்கா வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

மாமா மற்ற வேலைகளுக்கு நடுவே மாசக்கணக்காக அந்த இன்ஜினோடு மல்லுக்கட்டினார். சாமான்களுக்காக மெட்ராசுக்கு நடையாக நடந்தார். கடைசியில் ஒரு காலை நேரத்தில், கைப்பிடியைச் செருகி ஒரு சுற்றுச் சுற்றியதும், செத்த பிளஷர் இருமிக்கொண்டே எழுந்தது. நயினார் துண்டால் சீட்டை மெதுவாகத் தட்டி, எறும்பு இல்லை என்று தெரிந்த பிறகு ஏறினார். இரண்டு பேரும் மேல்மலையனூர் ரோட்டில் கொஞ்ச தூரம் போய் வந்தார்கள். திரும்பி வந்து பங்க்கில் நின்றது வண்டி. பெட்ரோல் போட்டுக்கொண்டு நேராக அனந்தபுரம் போவதாக ஏற்பாடு. அக்கா புதுப்புடவையில், தலை நிறைய மல்லிகையோடு, கையில் எலுமிச்சம்பழத்தோடு கொட்டகை வாசலில் நின்றாள். கண்டக்டர்கள், டீக்கடை ஆட்கள் என்று வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம்.

என் கண் காலையிலிருந்தே வாளிகள்மேல்தான் இருந்தது. பழைய வண்டி, புது பெட்ரோல், சுற்றிலும் பீடிக்காரர்கள். நான் கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் ஏற்றிக்கொண்டிருந்தேன். மாமா பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓட விட்டபடியே கார்புரேட்டரைத் திருகிச் சரி செய்துகொண்டிருந்தார். அதற்காக அதன்மேல் இருக்கிற மூடியையும் கழற்றி வைத்திருந்தார். மூடி இல்லாவிட்டால் இன்ஜின் காற்றை உள்ளே இழுக்கிற வாய் திறந்தே கிடக்கும். (மூடி என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்தபோது நேரம் கடந்துவிட்டது.)

துருப்பிடித்த ரேடியேட்டர் கொதித்தது. குபீரென்று வெள்ளையாக ஆவி கிளம்பி மாமாவை மறைத்தது. அந்த வெண்புகைக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"டேய் ஏழுமல, தண்ணி எடுத்தாடா. தண்ணி, தண்ணி."

கொதிக்கிற ரேடியேட்டருக்கு மாமா தண்ணீர் கேட்டார். இந்த உலகத்தில் அது புரியாதவன் நான் ஒருவன்தான். எனக்குத் தெரிந்தது புகை. புகை வந்தால் நெருப்பு. நெருப்பில் மாமா. அந்த ஆபத்திலும் என் மூளை வேலை செய்தது என்பதுதான் கொடுமை. 'பாவம், பதற்றத்தில் தண்ணீர் கேட்கிறார். எவன் சொன்னாலும் தண்ணி எடுக்காத என்று முதலாளி சொன்னாரே' என்று நினைத்தேன். வாழ்க்கையில் நான் முழுசாகக் கற்றுக்கொண்ட பாடம் அது ஒன்றுதான்.

"தண்ணி கூடாது மாமா" என்று கத்திக்கொண்டே முதல் வாளியை வீசினேன்.

இத்தனை நாள் பழக்கம் வீண் போகவில்லை. குறி அப்படியே பிசகாமல் விழுந்தது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின், திறந்த வாயால், சலித்த மண்ணைச் சர்க்கரை மாதிரி இழுத்துக்கொண்டது. கரகரவென்று ஒரு சத்தம். 'நெருப்பு அடங்க மறுக்கிறது' என்று முடிவு செய்து இரண்டாவது வாளியையும் வீசினேன். அதில் பாதி இன்ஜினுக்கு, பாதி முன்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்த நயினாரின் வெள்ளை வேட்டி சட்டைக்கு. பூனைகள் அந்த வாளியைத்தான் உபயோகித்திருந்தன என்பது வாசனையில் தெரிந்தது.

கரகர என்ற சத்தம் கிறீச்சென்று ஆகி, நின்றது. அதற்குப் பிறகு அந்த இன்ஜின் சத்தம் போட்டதே இல்லை.

ஆவி கலைந்தது. மாமா தலையெல்லாம் மண்ணாக நின்றார். மூன்றாவது வாளியோடு நிற்கிற என்னைப் பார்த்தார். இன்ஜினுக்குள் ஒரு விரலை விட்டு, மண்ணை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"நெருப்பு அணஞ்சிடுச்சா மச்சான்?"

அடித்திருந்தால் தேவலை. நயினார் இறங்கி, சட்டையை உதறிக்கொண்டு, "வுடு கோவிந்தா, உயிர்ச்சேதம் இல்லியே" என்றார். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்ததால் அது எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது.

அக்கா மெதுவாக நடந்து வந்தாள். எலுமிச்சம்பழத்தைக் கையில் இறுக்கிக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். 

"பாவி, எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா."

சாதாரணமாக எல்லாரும் சொல்கிற சொல்தான். ஆனால் அவள் சொல்லி முடித்ததும் கூட்டம் என் கையிலிருந்த வாளியைப் பார்த்தது. மாமாவும் பார்த்தார். முதலில் அவருக்குத்தான் சிரிப்பு வந்தது. மண் உதிர உதிர மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அவ சொல்றது நெசம்தான், ரெண்டு வாளி போட்டுட்டான்" என்றார். அக்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை.

அன்று என்னைப் பாராட்டிய ஒரே ஆள் முதலாளி. "பயல் உஷாரு" என்று முதுகில் தட்டி, வாளிகளை நிரப்பி வைக்கச் சொன்னார். நிரப்பி வைத்தேன். அவ்வளவு கசப்பான வேலையை நான் அதற்குப் பிறகு செய்ததில்லை.

மாமா இன்ஜினைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே எல்லாம் கீறல். திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பழைய வண்டிக்குச் சாமான் கிடைப்பதும் நின்றுவிட்டது. பிளஷரை மாடு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். கோழிகள் பின்சீட்டுக்குத் திரும்பின. கொஞ்ச நாளில் மாமா திண்டிவனத்தில் ஒரு லாரி ஒர்க்ஷாப்புக்கு வேலைக்குப் போனார். கடைசிவரை ஊரார் வண்டிக்கு அடியில்தான் படுத்தார். என்மேல் ஒரு நாளும் கோபித்ததில்லை. பீடியைப் பற்ற வைக்கும்போது மட்டும், "மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே எதுவோ கரகர என்னும்.

அந்தப் பங்க்கும் கொட்டகையும் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கண்ணாடி ஜாடி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. மாமாவும் போய்விட்டார்.

போன வருஷம் அக்கா மகன் கார் வாங்கினான். வெள்ளைக் கார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் ஏற்றி, முதல் பயணம் அனந்தபுரத்துக்கு என்று அவனே சொன்னான். சின்னம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. அந்த வீட்டு வாசலில் இறங்கினாலும் பார்ப்பதற்கு ஆள் இல்லை. ஆனாலும் அக்கா புதுப்புடவை கட்டி, பூ வைத்துக்கொண்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். வண்டியைக் கிளப்பப் போனவனைக் கையைக் காட்டி நிறுத்தினாள். கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள்.

"டேய் ஏழுமல, கையக் காட்டு."

எங்கள் வீட்டில் இது வழக்கம். சைக்கிளோ ஸ்கூட்டரோ, எது வாங்கினாலும் நான் வண்டிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். குழந்தைகள் விரல் இடுக்குவரை சோதனை போடுவார்கள். அன்றைக்கும் அக்காவின் ஜன்னல் பக்கம் போய் விரித்துக் காட்டினேன். அக்கா எட்டி, என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் விடவில்லை.

"மண்ணு இல்ல. கெளப்புடா" என்றாள்.

கார் திரும்பி, ரோட்டில் மறைகிறவரை நான் கையை மடக்கவில்லை. ஒரு ஜாக்கிரதைக்குத்தான்.