மூளைக்குச் சீப்பு

தரைக்கல் கடைக்கு மேலே இருந்த மாடி ஹாலில் காலை எட்டு மணிக்கே உட்கார இடமில்லை. படிக்கட்டில் ஒரு கணக்கு வாத்தியார் நின்றார். அவருக்குப் பின்னால் ஒரு இன்ஜினியர், அவருடைய மாமியார், மாமியாரின் மறதி. எல்லாரும் சீப்பு மாஸ்டருக்காகத் தவம் கிடந்தார்கள். மாஸ்டர் சீவிவிடுவார். தலையை அல்ல, மூளையை.

மாஸ்டர் எங்கேயோ ஒரு விஞ்ஞானச் செய்தியில் பாதியைப் படித்திருந்தார். மீதிப் பாதி தொழிலுக்கு இடைஞ்சல்.

"மூளையில குளூட்டமேட் ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. பக்கத்து செல் அனுப்புற சேதியைப் பிடிக்கிறது அதுதான். அது மேல புரதச் சீட்டு ஒட்டிக்கிட்டா மறதி, மந்தம், வலிப்பு எல்லாம் வரும். நான் சீவி எடுத்துடுவேன்," என்றார்.

'ஏற்பி' என்று கேட்டதுமே கூட்டத்தில் பாதிப் பேருக்குக் குணமாகிவிட்டது. புரியாத சொல்லுக்கு நம்மிடம் அவ்வளவு மரியாதை.

தலையில் மூன்று தரம் சீவுவார். சீப்பைக் கிண்ணத்துத் தண்ணீரில் முக்குவார். தண்ணீர் நீலமாகும். "பாருங்க, எத்தனை சீட்டு!" என்பார். வழுக்கைத் தலைக்கும் அதே நீலம்தான். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

முன்வரிசையில் ஒரு அம்மா, வலிப்பு நோயுள்ள பத்து வயது மகளோடு இரண்டாவது தடவையாக வந்திருந்தாள். முதல் தடவை சீவியதுமே மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார் மாஸ்டர். நிறுத்தி இரண்டு நாள். கூடவே அவள் தங்கை. ஆய்வுக்கூடத்தில் செல்களுக்குச் சாயமேற்றுகிறவள். வீட்டில் சண்டை போட்டுத் தோற்று, குழந்தைக்கு என்ன ஆகுமோ என்ற பயத்தில் வந்திருந்தாள்.

"காலையில இவளுக்குக் கை வெட்டி இழுத்துச்சுக்கா. மாத்திரையைக் குடு."

"சும்மா இருடி. சீட்டு கழண்டு வருதுன்னு அர்த்தமாம்."

மாஸ்டர் சீப்பை எடுத்தார். அவர் நகக்கண்ணில் நீலம். தங்கை தன் நகத்தைப் பார்த்தாள். சோப்புப் போட்டும் போகாத அதே சாய நீலம். எழுந்துவிட்டாள்.

"மாஸ்டர், அந்தச் சீட்டை ஒட்டுறதே செல்தான். இந்த ஏற்பி போதும், உள்ள எடுன்னு அடையாளம். உள்ள போனதுல சிலதை அழிச்சிடும், சிலதோட சீட்டைக் கழட்டித் திரும்ப வெளிய அனுப்பும். நீங்க எல்லாத்தையும் உரிச்சா ஏற்பி பெருகிப்போய் வலிப்பு கூடத்தான் செய்யும்."

கூட்டம் கொட்டாவி விட்டது. உண்மை கொஞ்சம் நீளமாக இருந்துவிட்டது.

"சரி, யார் தலையும் வேண்டாம். சீப்பை அப்படியே நல்ல தண்ணியில முக்குங்க."

"சக்தி இறங்கிடும்மா."

கணக்கு வாத்தியாருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. "இதுக்கென்ன சார், முக்கிக் காட்டி அந்தம்மா வாயை அடைப்போம்," என்று சீப்பை வாங்கிப் புதுத் தண்ணீரில் அவரே முக்கினார்.

தண்ணீர் நீலமானது.

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். மறதி மாமியார்தான் கேட்டாள்: "அப்போ சீப்புக்கும் வலிப்பா?"

சீப்பின் பல்லிடுக்கில் சாயப்பொடி. தங்கை விரலால் துடைத்துக் காட்டினாள். மாஸ்டருக்குத் திடீரென்று கீழே ஏதோ வேலை வந்துவிட்டது.

அக்கா அழுதபடியே கைப்பையைத் துழாவி மாத்திரையை எடுத்தாள். "போட்டுக்கோம்மா. அம்மா தப்புப் பண்ணிட்டேன்."

"டாக்டருக்கும் போன் போடுக்கா. ரெண்டு நாள் விட்டதைச் சொல்லு," என்று தங்கை தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

படியிறங்கும்போது இன்ஜினியர் பக்கத்து ஆளிடம் விசாரித்தார்: "இவர் சரியில்லை. வேற நல்ல மாஸ்டர் யாராவது தெரியுமா?"

ஐயா, மூளையைச் சுத்தம் செய்ய ஆள் தேடி அலையாதீர்கள். முதலில் அதை ஒரு தடவையாவது உபயோகித்துப் பாருங்கள்.