பச்சை பல்பும் வசந்தியக்காவின் கறிவேப்பிலையும்

யோசிக்காமல் செய்த உதவியால் நான் யாரையும் கெடுத்ததில்லை. யோசித்துச் செய்த ஓர் உதவிதான் ஒரு மரத்தின் உயிரை வாங்கப் பார்த்தது.

ஜேர்மனியில் மார்க் நாணயம் போய் யூரோ வந்த புதிது. ஹம் நகரில் ஒருவரையும் தெரியாமல் வந்து இறங்கிய எனக்கு, வசந்தியக்கா தன் வீட்டில் ஓர் அறை தந்து மூன்று வருடமாகச் சோறும் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மார்கழியில் மகள் நிலானியோடு மூன்று வாரம் கனடா போனபோது அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. முன்னறையில் சட்டியில் நிற்கும் கறிவேப்பிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விதை போட்டு எட்டு வருடம் வளர்த்த மரம். ஹம்மில் பாதித் தமிழ் வீடுகளின் குழம்பு அதை நம்பித்தான் கொதித்தது.

மார்கழியில் நாலு மணிக்கே இருட்டிவிடும். மரத்துக்கு வெளிச்சம் போதாது என்று கவலைப்பட்டேன். இலை பச்சை, ஆகவே அதற்குப் பிடித்ததும் பச்சை வெளிச்சம்தான் என்று முடிவு செய்தேன். (அப்போது என் மூளை அப்படி வேலை செய்யும்.) ஒரு பச்சை பல்பு வாங்கி மாட்டினேன். வேறு நிறம் கலந்து கெடுத்துவிடக் கூடாதென்று ஜன்னல் திரையையும் இழுத்து மூடினேன்.

அக்கா தொலைபேசி அட்டை போட்டு அடிக்கடி விசாரித்தார். மரம் பச்சைப் பசேலென்று நிற்பதாகச் சொன்னேன். பொய்யில்லை. அந்த அறையில் மரம், சட்டி, சுவர், என் கை எல்லாமே பச்சைதான்.

திரும்பி வந்த அக்கா, கோட்டைக்கூடக் கழற்றாமல் போய்த் திரையை விலக்கினார். மரம் முழுக்க மஞ்சள். தொட்டதும் பாதி இலை கொட்டியது.

பள்ளியில் அப்போதுதான் அதைப் படித்திருந்த நிலானி விளக்கினாள். இலையிலுள்ள பச்சையம் சிவப்பையும் நீலத்தையும்தான் நன்றாகப் பிடித்து உணவாக்குமாம். பச்சையம் அழிந்தால் அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறமி வெளியே தெரியுமாம்.

"பச்சை வெளிச்சத்தைத்தான் மாமா அது கூடுதலாத் திருப்பி அனுப்புறது. அதாலைதான் எங்களுக்குப் பச்சையாத் தெரியுது."

"அப்ப மூண்டு கிழமையா?"

"கிட்டத்தட்டப் பட்டினி."

நான் மனதுக்குள் பெட்டி கட்டத் தொடங்கிவிட்டேன். அக்கா மரத்தை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி ஜன்னலோரம் வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மரத்தைப் பட்டினி போட்டிட்டாய். நீயெண்டாலும் சாப்பிட்டனியோ?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் கேள்விக்கு அழுகை வந்துவிட்டது.

சித்திரையில் கட்டை துளிர்த்தது. இன்றும் அந்த வீட்டில் யாராவது எல்லாம் நல்லபடி போகிறது என்று சொன்னால், "எந்த லைட்டிலை பாத்தனீங்கள்?" என்று நிலானி கேட்பாள். அக்கா எங்கே பயணம் போனாலும் முன்னறை பல்பைக் கழற்றித் தன் கைப்பையில் போட்டுக்கொள்கிறார். வீட்டுச் சாவியை மட்டும் என்னிடம்தான் தந்துவிட்டுப் போகிறார்.