நாலு பேர் முறுக்கிய டேப்பட்

எனக்குக் கோபம் அதிகம் என்று என் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். எனக்குக் கோபம் வரவேண்டிய நேரத்தில் வருவதில்லை, அவ்வளவுதான். எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெரம்பலூரில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து மூன்று பேரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்க வேண்டும். தள்ளவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு, "சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். அன்று செலவாகாமல் தங்கிப்போன கோபத்தைத்தான் இத்தனை வருஷமாக மற்றவர்கள் மேல் கொட்டிக்கொண்டிருக்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஒரு உரக்கடையில் வேலை. செட்டிகுளம், சிறுவாச்சூர் என்று ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்க வேண்டும் என்பதால் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கியிருந்தேன். முன்னூற்றைம்பது சி.சி. ஆள் உட்கார்ந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் என் அழகு என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் ஒருநாள், "சார் வர்றது தெரு முனையிலயே தெரிஞ்சிரும். கடலை வறுக்குற மாதிரி ஒரு சத்தம் வரும்ல" என்றார். அன்றிலிருந்து அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது.

அது டேப்பட் சத்தம். அதென்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என்ஜினுக்கு மூச்சு விட இரண்டு வால்வுகள். அவற்றைத் தட்டித் திறக்க இரண்டு கம்பிகள். கம்பிக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளி கூடினால் 'டக் டக்' என்று சத்தம் வரும். மற்றபடி வண்டி பாட்டுக்கு ஓடும். (கடைசியில் சொன்ன வாக்கியத்தை யாராவது அன்றைக்கு என் காதில் போட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

ஊரில் என்னுடையதைப் போலவே வண்டி வைத்திருந்தவர்கள் இன்னும் மூன்று பேர். மாணிக்கம், டிராக்டர் விற்கும் கடையில் பில் போடுபவன். டிராக்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் என்ஜின் தனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு. ஜாகிர் பாய், ஜவுளிக்கடை. துணியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவியே இது எந்த ரகம் என்று சொல்லிவிடுவார். மூன்றாவது தங்கராசு மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியார். மாதத்தில் ஒரு ஞாயிறு எங்களில் ஒருவர் வீட்டில் கூடி, அந்த வீட்டு வண்டியைப் பிரித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அந்த வீட்டுச் சோற்றைத் தின்பதும் வழக்கம்.

அந்த மாதம் என் முறை. அதிலென்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். மறுநாள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் தங்கை செலினுக்கு அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இண்டர்வியூ. டீச்சர் டிரெயினிங் முடித்து மூன்று வருஷம் வீட்டிலேயே கிடந்தவளுக்கு முதன்முதலாக வந்த கார்டு. அப்பா இல்லாத வீடு. அந்த வேலை கிடைக்கவில்லையென்றால், பார்த்து வைத்திருந்த ஒரு மளிகைக்கடை மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்துவிடுவது என்று அம்மா முடிவு பண்ணியிருந்தார். செலினுக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது.

"அண்ணே, நாளைக்கு நான் எட்டேகால் பஸ்ஸுல போயிடுறேன்" என்றாள், பூசை முடிந்து வரும்போதே.

"வூட்டுல வண்டிய வச்சுக்கிட்டு பஸ்ஸுல போவியா? பாக்குறவன் என்ன சொல்லுவான்?"

"யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டான். எனக்கு நேரத்துக்குப் போவணும்."

"நான் கொண்டுபோயி விடுறேன். பேசாத."

பாடம் படிக்க வேண்டியவளை அடுப்படிக்கு அனுப்பினேன். நான்கு ஆம்பிளைகளுக்குக் கறிக்குழம்பு வைக்க வேண்டுமல்லவா? அறிவியல் புத்தகத்தை அம்மிக்குப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு மசாலா அரைத்தாள். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று இருக்கிறது.

பத்து மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். என்ஜின் பக்கத்து மூடியைக் கழற்றினோம். மாணிக்கம் சட்டைப் பையிலிருந்து பாதியாக ஒடித்த சவர பிளேடு ஒன்றை எடுத்தான். "பிளேடு கனம் இருக்கணும். அதான் கணக்கு" என்று சொருகிப் பார்த்தான். பிளேடு தாராளமாகப் போய்வந்தது. நட்டை முறுக்கினான். ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. அங்கேயே மூடியைப் போட்டிருந்தால் மாணிக்கத்துக்கு நான் கோயிலே கட்டியிருப்பேன்.

"இன்னும் கேக்குதே" என்றேன். அந்த வாய் என்னுடையது. இன்றைக்கும் அதே வாய்தான் இருக்கிறது.

"பிளேடெல்லாம் எதுக்கு? விரலு சொல்லும்" என்று ஜாகிர் பாய் முன்னால் வந்தார். என்ஜினைக் கொஞ்சம் ஆறவிட்டு, கண்ணை மூடிக் கம்பியைத் தடவினார். காஞ்சிபுரம் பட்டு வாங்கப் போனவர் மாதிரி முகத்தில் ஒரு தெளிவு. "இன்னும் ஒரு நூல் புடிக்கணும்" என்று முறுக்கினார். அடுத்து மாஸ்டர். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டு, எங்களை எல்லாம் பேசாமல் இருக்கச் சொன்னார். (விசில் ஊதிச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமையிலும் கழுத்தில் விசில்.) "லேசா இருமுது" என்று அவர் பங்குக்கும் முறுக்கினார்.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணியபோது டக் டக் சுத்தமாக நின்றிருந்தது. நாங்கள் நான்கு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டோம். செலின் கரண்டியோடு வாசலுக்கு வந்து பார்த்தாள்.

"ஏண்ணே, சத்தம் போட்டாலும் ஓடிக்கிட்டுதான இருந்துச்சு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இலையப் போடு" என்றேன்.

தின்றார்கள். மாஸ்டர் மூன்று தடவை குழம்பு வாங்கினார். போனார்கள். சாயங்காலம் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, இருந்த மௌனமும் எனக்குப் போதாமல், என் பங்குக்கு நானும் ஒரு கால் சுற்று முறுக்கினேன். யாரும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. நானாக முறுக்கினேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ஒரே உதையில் ஸ்டார்ட். வெண்ணெய் மாதிரி போயிற்று. டீக்கடை முன்னால் வேண்டுமென்றே மெதுவாகப் போனேன். டீக்கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "கேட்டியா? ஏதாவது கேக்குதா?" என்று பின்னால் திரும்பிக் கத்தினேன். செலின் மடியில் புத்தகத்தைப் பிரித்து வைத்து முணுமுணுவென்று படித்துக்கொண்டிருந்தாள்.

வழியில் பேரளி என்ற ஊருக்கு முன்னால் வண்டி இழுக்க மாட்டேன் என்றது. தும்மியது. நின்றது. இரண்டு பக்கமும் பருத்திக் காடு, ஒரு ஈ காக்கை இல்லை. பிளக்கைக் கழற்றி, துடைத்து, ஊதி, மறுபடி மாட்டி உதைத்தேன். பிடித்துக்கொண்டது. "பிளக்குதான். நான் அப்பவே நெனச்சேன்" என்றேன். (நினைக்கவே இல்லை.) நாலு கிலோமீட்டர் போனதும் மறுபடி தும்மி நின்றது. இந்தத் தடவை பெட்ரோல் குழாயை ஊதினேன். வாயெல்லாம் பெட்ரோல். அதைத் துப்பிக்கொண்டிருந்தபோது எட்டேகால் பஸ் எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னலோரத்தில் எங்கள் தெருக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே கை காட்டினார். நான் கை காட்டவில்லை. செலின் புழுதிக்குள் மறையும்வரை அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாவது தடவை நின்றபோது மணி ஒன்பதரை. நான் வண்டியை உதைத்தேன். ஸ்டார்ட் பண்ண அல்ல, சும்மாவே உதைத்தேன். மாணிக்கத்தைத் திட்டினேன், பாயைத் திட்டினேன், மாஸ்டரின் விசிலைத் திட்டினேன்.

"நாலாவதா முறுக்குனது யாருண்ணே?" என்றாள் செலின்.

சாயங்காலம் நான் முறுக்கியதை அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறாள்.

"ஆறுனா ஓடுது. சுட்டா நிக்குது. கவனிச்சியா?" என்றாள். "ஆறாங் கிளாஸ் பாடம்ணே. சூடு பட்டா இரும்பு விரியும். கொஞ்சம் எடம் விட்டு வச்சிருந்தா விரியறதுக்கு எடம் இருந்துருக்கும். நாலு பேரும் சேந்து அந்த எடத்த அடைச்சுட்டீங்க. மழையில ஊறுன கதவு மாதிரி, வால்வு இப்ப மூடவே மூடாது. நேத்து எத முறுக்குனியோ அதத் தளத்து."

"என்ஜினப் பத்தி உனக்கு என்ன தெரியும்?" என்று கத்திக்கொண்டே டூல் பெட்டியைத் திறந்தேன். பிளக் ஸ்பானர் மட்டும் கிடந்தது. டேப்பட் முறுக்கும் மற்ற இரண்டு ஸ்பானரையும் நேற்று ராத்திரி மாணிக்கம் வந்து வாங்கிப் போயிருந்தான், பாவி. அடுத்து அவனுடைய வண்டியைப் பிரிக்க வேண்டுமாம்!

அப்போதுதான் பின்னால் ஒரு சுண்ணாம்புக்கல் லாரி வந்தது. செலின் நடுரோட்டுக்குப் போய்க் கையை நீட்டினாள். லாரி நின்றது. தலைப்பாகை கட்டிய டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"எங்கம்மா போவணும்?"

"அரியலூருங்க. பத்து மணிக்கு இண்டர்வியூ."

"ஏறு தாயி. விட்டுடறேன்."

எனக்கு வந்ததே கோபம்! நேற்று வந்திருக்க வேண்டியது, இன்றைக்கு, தப்பான ஆள் மேல் வந்தது. "யாருன்னே தெரியாத ஆளு லாரியில வயசுப்பொண்ணு ஏறிப் போறதா? குடும்ப மானம் என்னாவறது?" என்று அவள் கையைப் பிடித்தேன்.

அவள் கையை உதறினாள். என் தங்கை என்னிடம் அதுவரை குரலை உயர்த்திப் பேசியதில்லை.

"நேத்து கொழம்பு வச்சது நானு. பஸ்ஸுல போறேன்னு சொன்னதும் நானு. நாலு ஆம்பளைங்க சேந்து என் வேலைய முறுக்கி ஒடச்சுட்டு நிக்கிறீங்க. மானத்த நீ வண்டியோட தள்ளிக்கிட்டு வாண்ணே. நான் வேலைய வாங்கிக்கிட்டு வரேன்."

ஏறிப் போய்விட்டாள். டிரைவர் மட்டும் போகிற போக்கில், "டேப்பட் டைட்டா இருக்கும் சார், பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ரோட்டில் போகிறவனுக்குக்கூடத் தெரிந்திருக்கிறது!

மானத்தை நான் தள்ளத்தான் செய்தேன். கொஞ்ச தூரம் தள்ளுவது, ஆறியதும் கொஞ்ச தூரம் ஓட்டுவது, நின்றதும் திட்டுவது. அரியலூரில் அந்தப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றாகிவிட்டது. செலின் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தாள். சேலை, தலை, புருவம் எல்லாம் சுண்ணாம்புத் தூசி. "என்னாச்சு?" என்று கேட்கவே பயமாக இருந்தது.

பத்து அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது உள்ளே நுழைந்திருக்கிறாள். அறிவியலில் ஏதாவது ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். இவள் சாக்பீஸை எடுத்து, வெப்பத்தால் பொருள்கள் விரிவடைவது பற்றி ஆரம்பித்திருக்கிறாள். "தண்டவாளத்தை உதாரணமாகச் சொல்லலாமே, புத்தகத்தில் அதுதானே இருக்கிறது" என்றாராம் தலைமையாசிரியை. "பெரம்பலூர்ப் பக்கத்துலேருந்து இங்க படிக்க வர்ற பிள்ளைங்க தண்டவாளத்தப் பாத்ததே இல்லீங்க டீச்சர், எங்க ஊருல ரயிலு கிடையாது. ஆனா மோட்டார் சைக்கிள் ரோட்டுல நிக்கிறத எல்லாரும் பாத்திருக்காங்க" என்று சொல்லி, போர்டில் என்ஜினை வரைந்து, அதைச் சுற்றி நான்கு ஆட்களையும் வரைந்திருக்கிறாள். ஒருவருக்குக் கழுத்தில் விசில். சிரித்துச் சிரித்து அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். சேலையெல்லாம் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டதற்கு, "அந்தப் பாடத்துலேருந்து நேரா வரேங்க" என்றாளாம்.

வேலை கிடைத்துவிட்டது. மளிகைக்கடை மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அப்போது எனக்கு ஒன்று புரியவில்லை. வேலை கொடுத்ததே அந்தப் பாடத்துக்காக என்றால், அவள் அதை எப்படி விடுவாள்?

விடவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல், ஒவ்வொரு வருஷமும், ஒவ்வொரு ஆறாம் வகுப்புக்கும், "எங்க அண்ணன் ஒருத்தர் இருக்காரு" என்றுதான் அந்தப் பாடம் தொடங்கும். படம் வரைவாள். பிள்ளைகளும் நோட்டில் வரைவார்கள். முறுக்கும் ஆட்களில் மீசை வைத்தவன் நான். கணக்குப் போட்டுப் பாருங்கள், இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் என்னை வரைந்திருப்பார்கள் என்று. பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர், பேங்கில் கையெழுத்தைச் சரிபார்க்கும் பெண், பத்திர ஆபீஸில் பேர் விசாரிக்கும் ஆள், எல்லாரும் ஒரு நொடி என் முகத்தை உற்றுப் பார்ப்பார்கள். அப்புறம் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். "தைரியமாச் சிரிங்க" என்று நானே கத்திவிடுவேன். எனக்குக் கோபம் அதிகம் என்ற பேச்சு இப்படிப் பரவியதுதான்.

போன வருஷம் தலைசுற்றல் என்று அரியலூரில் ஒரு டாக்டரிடம் போனேன். சின்ன வயசு டாக்டர். கையில் பிரஷர் பார்க்கும் பட்டையைச் சுற்றிக்கொண்டே ஊர், குடும்பம் எல்லாம் கேட்டார். செலின் பேரைச் சொன்னேன். ரப்பர் குமிழை அமுக்கிக்கொண்டிருந்த கை நின்றது.

"எங்க செலின் டீச்சரா? அப்ப நீங்க...?"

"ஆமாங்க. நான்தான். நாலாவதா முறுக்குனது."

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டுச் சிரித்தார். நர்ஸைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார். அந்த அம்மாவும் செலினிடம் படித்தவராம். சிரிப்பெல்லாம் ஓய்ந்து கடைசியில் பிரஷர் பார்த்தபோது அது எங்கேயோ ஏறிப்போயிருந்தது. அன்றைக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்றுவரை தினம் ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன்.